திமிங்கலக் கேள்விக்கு நான் போட்ட சிவப்பு மை

ஜூன் மாதம் இயற்பியல் ஆய்வகத்தின் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளப் போகும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன்.

இருப்புப் பதிவேட்டில் உள்ள எல்லாமே அலமாரிகளில் இருக்கின்றன. மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். கிளம்பும் நாளில் நாலாவது முறையும் பார்ப்பேன் என்று என் கணவர் கேலி செய்கிறார். பார்க்கத்தான் போகிறேன். ஆனால் எத்தனை முறை பார்த்தாலும் ஒரு குறை தீராது. மேல்தட்டில் ஒரு பழைய விடைத்தாள் கட்டு இருக்கும். மேலே என் கையெழுத்தில் ‘பதினொன்றாம் வகுப்பு, காலாண்டு, 41 தாள்கள்’ என்று எழுதியிருக்கும். அந்த வருடத்துக் கட்டுகள் எல்லாம் பழைய பேப்பர் எடைக்குப் போய்விட்டன. இதை மட்டும் பத்திரமாக வைக்கச் சொன்னார் அப்போதைய தலைமையாசிரியை. எண்ணிப் பார்த்தால் நாற்பதுதான் வரும். ஏன் என்று ஒரு வரியில் குறிப்பு வைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு வரியில் அடங்கவில்லை.

அனுபவம் சொல்லும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. முப்பத்துமூன்றுதான் ஆகிறது. கணவருக்கு மில்லில் வேறு ஊர் போட்டுவிட்டார்கள். மடியில் ஏழு மாதத்துப் பிள்ளை. அதனால் வேலையை விடுகிறேன். ஒன்பது வருடத்தில் நான் கற்றது கொஞ்சம்தான். அதிலும் பாதி, நான் செய்த தப்புகளிலிருந்து கற்றது.

தொண்ணூற்றெட்டில் என் மூத்தவள் கைக்குழந்தை. பேறுகால விடுப்பில் வீட்டில் இருந்தபோது கேபிள் டி.வி.யில் ஒரு நாள், பிள்ளை விழித்துவிடக்கூடாதே என்று சத்தத்தை அணைத்துவிட்டு, பால் கொடுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறக் கடல். ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒரு திமிங்கலம் செங்குத்தாக எழுந்தது. உடம்பு முழுவதும் வெளியே வந்து, அந்தரத்தில் திரும்பி, மல்லாக்க விழுந்தது. ஒரு சத்தமும் இல்லை. ரயில் பெட்டி அளவு உயிர் ஒன்று எழுந்து விழுந்தும் என் பிள்ளை அசையவில்லை. அப்போதே மனதுக்குள், இதை ஒரு கணக்காகப் போடலாமே என்று தோன்றியது. எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. கைடில் இருக்கும் அதே கிரேன், அதே மலையேறும் மனிதன் என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குப் புதிதாக ஒன்று.

விடுப்பு முடிந்து திரும்பியதும், காலாண்டுத் தேர்வில் அதை ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் போட்டேன். ‘முப்பதாயிரம் கிலோகிராம் நிறையுள்ள திமிங்கலம் கடலில் பதினைந்து மீட்டர் ஆழத்திலிருந்து மேல்நோக்கிக் கிளம்பி, நீர்மட்டத்துக்கு மேல் மூன்று மீட்டர் எழும்புகிறது. புவியீர்ப்புக்கு எதிராக அது செலவிடும் ஆற்றல் எவ்வளவு?’

நான் வைத்திருந்த விடை: பதினைந்தும் மூன்றும் பதினெட்டு மீட்டர். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கு. ஐம்பத்து நான்கு லட்சம் ஜூல்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தப்பு தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. முப்பது பேருக்கு மேல் நான் நினைத்தபடியே எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கினார்கள். சிலர் எழுதவேயில்லை. ஒரே ஒருத்தி மட்டும் மூன்று மீட்டரை மட்டும் எடுத்து ஒன்பது லட்சம் ஜூல் என்று எழுதியிருந்தாள். கீழே, ‘நீருக்குள் திமிங்கலத்துக்குக் கனம் இல்லை. வெளியே வந்த பிறகுதான் கனம்’ என்று ஒரு வரி. அதை அடுத்து அடைப்புக்குறிக்குள் ‘வாளி போல’.

நான் சிவப்பு மையில் பெரிய பூஜ்யம் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ‘வாளி போல’வைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் எழுதினேன்: ‘எடை எங்கும் ஒன்றே. கதை எழுத வேண்டாம்.’

அவள் பெயர் பேச்சியம்மாள். கழுகுமலைப் பாதையில் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அப்பாவுக்கு ஆடுதான் தொழில். வகுப்பில் கடைசிப் பெஞ்சு. கேட்டால் பதில் சொல்வாள். கேட்காமல் வாய் திறக்கமாட்டாள். இயற்பியலில் நூற்றுக்கு முப்பத்தொன்று எடுத்திருந்தாள். தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும்.

அந்த நாட்களில் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிளஸ் ஒன் காலாண்டில் அறிவியல் பாடத்தில் தவறுகிறவர்களை வரலாற்றுப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். பிளஸ் டூவில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும் அல்லவா. மாற்றத்துக்கு ஒரு படிவம். அதில் பெற்றோர் கையெழுத்து வாங்கி, விடுமுறை முடிந்து திறக்கும் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். பேச்சியம்மாளின் படிவத்தில் ‘பரிந்துரைக்கிறேன்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். விடைத்தாளோடு சேர்த்து அதை வாங்கும்போது அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “வீட்ல ஒத்துக்கிடுவாங்களா?” என்று நான்தான் கேட்டேன்.

“ஒத்துக்கிட மாட்டாவ டீச்சர். இந்த குரூப்புன்னாத்தான் படிக்க வுடுவேன், ஃபெயிலாயிட்டா ஆட்டுக்கு வந்துருன்னு அப்பா சொல்லிருக்காவ” என்றாள். அழவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு அதைக் கேட்டும் உறைக்கவில்லை. அன்று மதியம் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓட வேண்டும். ஒன்பது மாதமாகியும் அவள் புட்டியை வாயில் வைக்கமாட்டாள். சுகாதார நிலையத்தில் இரண்டு மாதமாக அதே ஏழு கிலோ. எடை அட்டையில் கோடு ஏறாமல் படுத்துக் கிடந்தது. என் மனமெல்லாம் அந்தக் கோட்டில்தான் இருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது என்று சொல்கிறேன்.

விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை. குழாயில் ஒன்பது நாளாகத் தண்ணீர் இல்லை. நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அக்காவின் கொல்லையில் ஒரு கிணறு உண்டு. வழக்கமாக என் கணவர்தான் இறைப்பார். அன்று அவருக்குக் காலை ஷிப்ட். நான் தூத்துக்குடியில் துறைமுகக் குடியிருப்பில் குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவள். வாசலில் இருந்து பார்த்தால் கடல் தெரியும். கிணற்றில் இறைத்துப் பழக்கமே இல்லை.

அக்கா என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் வாளியை இறக்கி, அமிழ்ந்ததும் இழுத்தேன். சுலபமாக வந்தது. இவ்வளவுதானா என்று வேகமாக இழுத்தேன்.

“ஏ டீச்சர், மெதுவா! தண்ணிக்குள்ள இருக்க மட்டும் ஒண்ணும் தெரியாது. வெளிய வரயில வெடுக்குன்னு கனக்கும். பிள்ள பெத்த ஒடம்பு, இடுப்பப் புடிச்சிக்கிடும்.”

அவள் சொல்லி முடிக்கவும் வாளி நீர்மட்டத்தை விட்டு வெளியே வரவும் சரியாக இருந்தது. கயிறு கையை இழுத்தது. ராட்டினம் கிறீச்சிட்டது. நான் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

“என்ன டீச்சர், புடிச்சிக்கிட்டா?”

“இல்லக்கா” என்றேன். வாளி போல. அடைப்புக்குறிக்குள் இருந்த இரண்டு சொற்கள். வாளியை மறுபடி தண்ணீருக்குள் விட்டேன். கனம் போனது. தூக்கினேன். வந்தது. அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “இறைக்கியளா, வெளையாடுதியளா?” என்றாள்.

மிதப்பு விசையைப் பற்றி அந்தத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்புதான் நானே பாடம் நடத்தியிருந்தேன். படம் எல்லாம் போட்டேன். தண்ணீரும் திமிங்கலத்தின் உடம்பும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி. தண்ணீருக்குள் திமிங்கலத்தைத் தண்ணீரே தாங்குகிறது. பதினைந்து மீட்டர் ஏறினாலும் புவியீர்ப்புக்கு எதிராக அது செய்யும் வேலை அநேகமாக ஒன்றுமில்லை. அது தன் எடையைத் தானே தூக்கத் தொடங்குவது தலை வெளியே வரும்போதுதான். பாடத்தில் தெரிந்தது கணக்கில் தெரியவில்லை. எனக்குத் தெரியாததை இந்தக் கரிசல் காட்டில் தண்ணீர் இறைக்கும் எல்லாப் பெண்களின் கைக்கும் தெரிந்திருந்தது.

மாடிக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். மூன்று முறை போட்டுப் பார்த்தேன். ஒருவேளை நான் சரியாக இருக்கலாமோ என்று நாலாவது முறை. இல்லை. ஐந்து மதிப்பெண் சேர்த்தால் முப்பத்தாறு. அவள் தேறியிருக்கிறாள்.

மாலையில் கணவர் வந்ததும் சொன்னேன். “திங்கக்கெழம ஸ்கூல்ல பாத்துக்கிடலாம்லா?” என்றார்.

“திங்கக்கெழம அவ வந்தாத்தான? கையெழுத்துப் போட்டு, ஆட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா?”

“ஒரு நாள்ல அனுப்பிருவாங்களா? நீ எல்லாத்துக்கும் முன்னாடியே பயப்படுதே.”

உண்மைதான். நான் அப்படித்தான். பிள்ளை தும்மினால் நிமோனியா வரை போய்விட்டு வருவேன். அதனாலேயே எது உண்மையான அவசரம், எது என் சுபாவம் என்று எனக்குப் பிரிக்கத் தெரிவதில்லை. அன்றும் தெரியவில்லை. இன்னொரு பயமும் உள்ளுக்குள் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. என் பணி அப்போது நிரந்தரமாகவில்லை. என் காகிதம் தலைமையாசிரியையின் மேஜையில் இருந்தது. போகாமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அந்தப் பெண்கூடத் தன் விடை தப்பு என்றுதான் நம்பிக்கொண்டிருப்பாள். அதை நினைத்ததும்தான் போவதென்று முடிவு செய்தேன். அவள் கை உணர்ந்ததைப் பொய் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கழுகுமலை பஸ் ஏறினேன். கண்டக்டர் சொன்ன இடத்தில் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. முந்தின நாள் ஒரு தூறல் போட்டிருந்தது. கரிசல் செருப்பில் ஒட்டி ஒட்டி, ஊருக்குள் போகும்போது காலுக்கு ஒரு கிலோ ஏறியிருந்தது.

பேச்சியம்மாளின் அம்மா குட்டிகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“கைநாட்டு வாங்க இம்புட்டுத் தொலவு வந்தீயளா டீச்சர்? பச்சப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு? அவிய இல்ல. கம்மாய்க்கு அங்கிட்டு ஒரு புஞ்சயில ஆட்டுக் கெடை போட்டுருக்காவ. சாயந்தரம் வந்ததும் வச்சுக் குடுத்துருதோம். நாங்க என்ன சொல்லப் போறோம்?”

“கைநாட்டு வேண்டாம்மா” என்றேன். “பேச்சியப் பாக்கணும்.”

“ஏட்டி பேச்சி! டீச்சர் வந்திருக்காவ, வெளிய வா!”

வரவில்லை. கதவுக்குப் பின்னால் பாவாடை ஓரம் மட்டும் தெரிந்தது. நான் வாசலில் நின்றே சொன்னேன். வழியெல்லாம் நல்ல வாக்கியங்களாகக் கோத்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. “பேச்சி, அந்தத் திமிங்கலக் கணக்குல நான் தப்புப் பண்ணிட்டேன். நீ போட்டதுதான் சரி.”

உள்ளிருந்து குரல் வந்தது. “செவப்பு மையில எழுதிருந்தீயளே டீச்சர்?”

“அதுவும் தப்பு.”

“கதையின்னு எழுதிருந்தீய.”

“ஆமா. அதுதான் பெரிய தப்பு.”

வெளியே வந்தாள். கையில் விடைத்தாள் இருந்தது. நாலாக மடித்திருந்தாள். படிவம் உத்தரத்தில் செருகியிருந்ததை அம்மா காட்டினாள். அதில் இன்னும் கைநாட்டு விழவில்லை.

“அப்பம் நான் பாஸா டீச்சர்?”

“பாஸ்தான்.”

அம்மாவுக்கு அது பிடிபடச் சற்று நேரமானது. “என்ன மீனு டீச்சர் அது? அது குதிச்சா இவ எப்பிடி ஃபெயிலாவா?” என்றாள். பேச்சி சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். அவளே விளக்கினாள். “எம்மா, கெணத்துல வாளி தண்ணிக்குள்ள கனக்குமா?”

“அது எப்பிடிக் கனக்கும்?”

“டீச்சர் கனக்கும்னு சொல்லிட்டாவ.”

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது இரக்கமா கிண்டலா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பேன். பேச்சி தயங்கித் தயங்கி அடுத்ததைச் சொன்னாள். “ஆனா டீச்சர், நான் எழுதுனதும் முழுசாச் சரியில்ல. வாங்க, காட்டுதேன்.” ஊர்க் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாளியை அமிழ்த்தி மெதுவாக இழுத்தாள். “இப்பம் கனக்கல. இப்பம் பாருங்க.” கயிற்றை வெடுக்கென்று இழுத்தாள். தண்ணீருக்குள்ளேயே வாளி முரண்டு பிடித்தது. “வேகமா இழுத்தா தண்ணி வுடாது. அந்த மீனு குதிக்கணும்னா வேகமா வரணும்லா? தண்ணியத் தள்ளிக்கிட்டு வரணும்லா? அந்தச் செலவ நீங்களும் கேக்கல, நானும் எழுதல.”

இந்தப் பெண்ணைத்தான் நான் அறிவியலுக்கு லாயக்கில்லை என்று பரிந்துரைத்திருந்தேன்.

திரும்பி வந்தபோது என் பிள்ளை பேச்சியின் அம்மாவின் மடியில் இருந்தாள். புது முகம் என்றால் ஊரைக் கூட்டுகிறவள், அவள் தொடையில் காலை உதைத்து உதைத்துக் குதித்துக்கொண்டிருந்தாள். விட்டால் போதும், எழுந்து எழுந்து விழுகிறாள். நான் என் கவலையைச் சொல்லிவிட்டேன். யாரிடம் எதைச் சொல்வது என்று எனக்கு ஒருபோதும் நிதானம் இருந்ததில்லை. “ரெண்டு மாசமா எடையே கூடலம்மா. இவ இப்படிக் குதிச்சே எல்லாத்தையும் செலவழிக்காளோன்னு பயமா இருக்கு.”

“போங்க டீச்சர். குட்டிய வாங்கயில நாங்க எடையா போட்டுப் பாக்கோம்? தரையில வுடுவோம். துள்ளுச்சுன்னா வாங்குவோம். ஒடம்புல இல்லாததையா அது செலவழிக்கும்?”

திங்கட்கிழமை, பிரார்த்தனை மணிக்கு முன்னால் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். பெரிய டீச்சர் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவோம். கெட்டவர் அல்ல. இருபத்தைந்து வருடம் இந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டிக் காத்தவர். முழுவதையும் கேட்டார்.

“சரி, விடு. நாப்பத்தொரு பேருக்கும் அஞ்சு மார்க்கத் தூக்கிப் போட்டுரு. கேள்வியில அச்சுப்பிழைன்னு சொல்லிருவோம். அந்தப் பிள்ளையும் பாஸாயிரும், ஃபாரத்தையும் கிழிச்சிரலாம். முடிஞ்சுதுல்லா?”

முடிந்ததுதான். நான் கேட்க வந்தது கிடைத்துவிட்டது. தலையை ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். கதவு வரை போய்விட்டேன். அங்கே நின்றபோதுதான் கிணற்றடியில் பேச்சி கடைசியாகக் கேட்டது நினைவுக்கு வந்தது. அவள் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. “அந்தச் செவப்பு மைய மட்டும் அடிச்சிருவீயளா டீச்சர்?” என்றாள். எல்லாருக்கும் ஐந்து போட்டால் அந்தச் சிவப்பு மை அங்கேயே இருக்கும். அச்சுப்பிழையின் தயவில் தேறிய பெண்ணாக அவள் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

திரும்பி வந்தேன். “அச்சுப்பிழை இல்ல பெரிய டீச்சர். என் பிழை. அந்தப் பிள்ளைக்கு மட்டும் திருத்தி, ஏன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எழுதித் தந்தா அது ஃபைல்ல இருக்கும், தெரியும்லா? உன் காகிதம் இன்னும் போகல. கமிட்டியில யாராவது எடுத்துப் பாத்தா, கேள்வி போடத் தெரியாத டீச்சரான்னு கேப்பாங்க. கைப்பிள்ளக்காரி. யோசிச்சுச் செய்.”

பிள்ளைக்குப் பால் கொடுத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. புடவைக்குள் நனையத் தொடங்கியிருந்தேன். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். அடுத்துச் செய்ததைத் தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இடத்தில் இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் மனம் மாறியிருப்பேன். அதனாலேயே மேஜையில் கிடந்த ஒரு தாளை எடுத்து, நின்றபடியே நாலு வரி எழுதினேன். அவர் படித்தார். ‘மிதப்பு விசையை நான் கணக்கில் கொள்ளவில்லை’ என்ற வரியை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். “அந்தப் பேப்பர் கட்டை எடைக்குப் போடாதே. நாளைக்கு யாராவது கேட்டா காட்டணும்” என்றார். பிறகு, “போ, மணி அடிக்கப்போகுது.”

என் நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப் போனது. அந்த நாலு வரியாலா, வேறு காரணமா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

வகுப்பில் சொன்னபோது முதல் பெஞ்சு கொதித்தது. எப்போதும் முதலாவதாக வருகிற பெண் எழுந்தாள். “டீச்சர், நீங்க சொல்லித்தந்தபடிதான எழுதுனோம்? இப்பம் எங்க மார்க்கு போயிருமா?”

நியாயமான கேள்வி. நான் நடத்தியதை நம்பி எழுதியவர்களை நான் எப்படித் தண்டிப்பது? “உங்க மார்க்கு உங்களுக்கு இருக்கட்டும். ஆனா கணக்கை மறுபடி போடுங்க” என்றேன். பேச்சியைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். ஒன்பது லட்சம் ஜூல் என்று எழுதினாள். பிறகு, வேகமாக இழுத்த வாளியைப் பற்றியும் சொன்னாள். கரும்பலகையைப் பார்த்தபடியேதான் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

அந்த எண் பெரிதா சிறிதா என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் அதைச் சாப்பாடாக மாற்றிப் பார்த்தோம். நம் ஊரில் வேறு எதைக் கொண்டு அளப்பது? கடலைமிட்டாய்தான். ஒன்பது லட்சம் ஜூல் என்பது நாற்பது கிராம் கடலைமிட்டாயின் ஆற்றல். தசை தான் எரிப்பதில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக்குகிறது, மிச்சம் சூடாகப் போய்விடுகிறது. ஆக, நாலு மடங்கு போடு. நூற்றெழுபது கிராம். நீரைத் தள்ளும் செலவையும் சேர்த்தால் அரைக் கிலோவோ, ஒரு கிலோவோ. அதைத் துல்லியமாகச் சொல்ல எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

“ஏ, ஒரு பாக்கெட்டுக் கடலமிட்டாய்க்கா இம்புட்டுக் குதி!” என்று நடு வரிசையிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது.

“செலவு சின்னதுதான்” என்றேன். “ஆனா அவ்வளவையும் ரெண்டு மூணு விநாடிக்குள்ள செலவழிக்கணும். அதுதான் கஷ்டம். அந்த நேரத்துக்கு மட்டும் அது ஒரு ரயில் எஞ்சின் மாதிரி வேலை செய்யுது.” சொல்லும்போது எனக்குக் காலையில் அந்த மேஜை முன்னால் நின்ற நேரம் நினைவுக்கு வந்தது.

“அது ஏன் டீச்சர் குதிக்குது?” பேச்சிதான் கேட்டாள். கேட்காமல் வாய் திறக்காதவள்.

பழைய நானாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு என்கிறார்கள், தோலில் ஒட்டியதை உதறுவதற்கு என்கிறார்கள். “யாருக்கும் நிச்சயமாத் தெரியாது” என்றேன். “ஆனா ஒண்ணு. ஒடம்புல தெம்பு இல்லாதது அப்படிக் குதிக்காது.”

அந்த வாரம் சுகாதார நிலையத்துக்குப் போகும் முறை. என் பிள்ளை அதே ஏழு கிலோதான் இருந்தாள். நர்ஸ் அட்டையில் எழுதுவதற்குள் தராசுத் தொட்டிலில் எழுந்து நின்று ஆட ஆரம்பித்துவிட்டாள். அன்று இரண்டாவது முறை நிறுத்துப் பார்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் கேட்டேன் என்பது வேறு.

உங்களுக்குச் சொல்ல நினைப்பது இதுதான். புதுக் கேள்வி போடுங்கள். பயந்துகொண்டு கைடுக்குத் திரும்பிவிடாதீர்கள். ஆனால் உங்கள் விடையோடு ஒத்துப்போகாத தாளைக் கடைசியில் ஒருமுறை தனியாக எடுத்துப் படியுங்கள். பிள்ளைகள் அடைப்புக்குறிக்குள் எழுதுவதை முதலில் படியுங்கள். தங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்ததை, உங்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று அவர்கள் ஒளித்து வைக்கும் இடம் அது.

பேச்சியம்மாள் பிளஸ் டூ வரை அதே பிரிவில் படித்தாள். இயற்பியலில் பெரிய மதிப்பெண் ஒன்றும் இல்லை. இருநூற்றுக்கு நூற்றுப் பதினெட்டு. அது அவள் எடுத்தது. யாரும் தூக்கிப் போட்டதல்ல.

அந்தத் திங்கட்கிழமை வகுப்பு முடிந்து மணி அடித்த பிறகு அவள் என் மேஜைக்கு வந்து, மடிப்புக் கலையாத விடைத்தாளை நீட்டினாள். நான் பூஜ்யத்தை அடித்து ஐந்து போட்டேன். ‘கதை எழுத வேண்டாம்’ என்ற வரியை அடித்தேன். வட்டத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. ‘வாளி போல’ என்பதைச் சுற்றி நான் கோபமாகப் போட்ட வட்டம். அடிக்கப் போனேன்.

“அத அடிக்காதீங்க டீச்சர். அது இருக்கட்டும்” என்றாள். பிறகு, “இத நானே வச்சுக்கிடட்டா?” என்றாள்.

விடைத்தாள்களைத் திரும்ப வாங்கிக் கட்டில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. நான் விதிகளை மீறுகிறவள் அல்ல. இரண்டு முறை வாசலைப் பார்த்தேன். கொடுத்துவிட்டேன்.

எண்ணும்போது நாற்பதுதான் வரும். தேட வேண்டாம்.